நாற்பத்தொன்றாம் பீப்பாய்

மார்ச் 4, 2025

இன்று அறுபது பீப்பாய்களைத் தட்டினேன்.

வேலை இதுதான். படுக்கவைத்த பீப்பாயின் முகப்பில் மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வர வேண்டும். காலி இடம் ‘டங்’ என்னும். விஸ்கி நிற்கும் இடத்தில் சத்தம் அமுங்கும். அங்கே சாக்பீஸ் கோடு. வெயிலில் மாதாமாதம் கொஞ்சம் ஆவியாகிவிடும், அந்தக் கணக்குக்குத்தான். பதினெட்டு முடிந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

இது எலிஸபெத் மேடத்தின் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய ஆலை. நாற்பது வருடம் பூட்டிக் கிடந்தது. மேடம் பாரீஸிலிருந்து வந்து, பழைய செப்புக் கொப்பரையைச் சரிசெய்து, மூன்று வருடம் முன்பு மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். வரும் ஆகஸ்டில்தான் முதல் பாட்டில் வெளிவரும்.

காலையில் கிடங்கைத் திறக்கும் செம்மல் அண்ணன் “வந்தியாம்மா” என்பார். என் அன்றைய பேச்சு பெரும்பாலும் அதோடு சரி. இன்று சாப்பாட்டு நேரத்தில் பாட்டில் கழுவும் தீபலட்சுமி அக்கா, “நாள் பூரா கதவு தட்றியே, எவனாச்சும் தொறந்தானாடி?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

ஏப்ரல் 9

41-இல் சத்தம் மிகவும் கீழே அமுங்குகிறது. சுவரை ஒட்டிய வரிசை. என் காதுதான் தப்போ?

மேடத்தின் அறை வரை போனேன். போனில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். பக்கத்துப் பீப்பாயின் அளவுக்கே இதற்கும் கோடு போட்டுவைத்தேன்.

மே 8

இன்னும் இறங்கியிருக்கிறது. இன்றும் பொய்க்கோடு.

ஜூன் 12

மேடம் 41-ஐத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்த்தார். பாதிகூட இல்லை. போன மாதக் கோடு மேலே இருக்கிறதே, ஒரே மாதத்தில் எங்கே போகும் என்று கேட்டார். யாரோ எடுத்திருக்கிறார்கள். சாவி செம்மல் அண்ணனிடம் மட்டும்தான்.

“நாளையிலேந்து வர வேணாம் செம்மல்,” என்றார்.

அண்ணன் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். அவர் மோர் தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்: வாயத் தொறந்தா என்னாடி? ஒம்போதாவதுல பேரு கூப்புட்டப்ப கொரலு வராம நின்ன மாதிரியே நின்னியே. அதுக்கு நீ மட்டும் பள்ளிக்கூடத்த வுட்ட. இதுக்கு அவரு—

ஜூன் 13

41-க்குப் பின்னால் கையை நுழைத்துப் பார்த்தேன். கையெல்லாம் துரு. சுவரில் உப்பு பூத்து, அதில் உரசிய இரும்புப் பட்டையை அரித்துவிட்டிருக்கிறது. பட்டை தளர்ந்து பலகை இடைவெளியில் கசிகிறது. கீழே சுவரோரம் வெறும் மணல், சுவடே இல்லாமல் உறிஞ்சிக்கொள்கிறது. வாசனை? கிடங்கு முழுவதும் அதே வாசனைதானே.

மேடத்தின் கதவைத் தட்டினேன்.

“நாப்பத்தொன்னு ஒழுவுது மேடம். ஏப்ரல்லயே தெரியும். கோட நான்தான் பொய்யாப் போட்டேன்.”

“ஏன் அப்பவே சொல்லல?”

துருப்பட்ட கையைக் காட்டினேன். மேடம் வந்து பார்த்தார். என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். பிறகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. அலங்காரம் என்று நினைத்திருந்தோம். அந்தக் காலத்து ஆட்கள் அதைத் தாண்டிப் பீப்பாய் வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள்தான் கூடுதலாக ஒரு வரிசைக்கு ஆசைப்பட்டுச் சுவர்வரை தள்ளிவிட்டோம்.

ஜூன் 16

அண்ணன் வந்து கிடங்கைத் திறந்தார். “வந்தியாம்மா” இல்லை.

என் வேலை போகவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 21

இன்றும் இல்லை.

ஜூன் 27

எல்லாவற்றையும் சிவப்புக் கோட்டுக்கு இந்தப்பக்கம் நகர்த்தியாயிற்று. சுவருக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கலாம். இனி பின்பக்கமும் தட்ட வேண்டும்.

38-ஐப் பின்னால் நின்று தட்டும்போது முன்பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது. என் கை நின்றுவிட்டது.

“யாரது?” செம்மல் அண்ணன் குரல்.

இங்கே தட்டுகிறவள் நான் ஒருத்திதான். அவருக்குத் தெரியாதா?

“நான்தாண்ணே.”

கேட்கவில்லை போல.

“சுடர்விழி,” என்றேன், கொஞ்சம் உரக்க.

“ம். தட்டும்மா,” என்றார்.