பாசம் என்று சொல்கிறார்கள்

28-8-1961, திங்கள். திண்டிவனம்.

இன்றும் என் கணவர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். நான் அவரை விட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்து, வீடுவரை என் பின்னாலேயே நடக்கிறார். சாயங்கால வெயிலில் தெருவே மஞ்சளாக மிதந்தது. தண்ணீருக்குள் நடப்பதுபோல் எனக்குக் கால் நகரவில்லை. கடைத்தெருவில் திரும்பி, "எதுக்குப் பின்னாடியே வர்றீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் மல்லிகைப் பொட்டலத்தை நீட்டினார்.

"வாங்கிக்கம்மா, எவ்ளோ பாசம் பாரு!" என்றார் பூக்கடைக்காரர். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

பள்ளிக்கூடத்து ஆயா மாரியம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை உட்டுட்டுப் போன புருஷன் பின்னாடி நானும் கோலியனூர்ல இப்டிதான் போய்க்கினு இருந்தேன், டீச்சர். பைத்தியம்னு கல்லால அடிச்சாங்க. இவரை மட்டும் பாசம்ன்றாங்க."

பிறகு அவரிடம், "போய்யா, ரயிலு போயிடும்" என்றாள். அவர் போனார். நாளைக்கும் வருவார்.

"நாளையிலேர்ந்து நானும் கூட வர்றேன்" என்றாள் ஆயா. வழியில் ஏதோ சொன்னாள், நான் சிரித்தேன். என் சிரிப்பு என் காதில் விழுந்து எத்தனை நாளாயிற்று! எழுதும்போதே தூக்கத்தில் கண் சொக்குகிறது.