நீக்காமல் விட்ட சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் நலம் விசாரிக்கத்தான் கை வரவில்லை.

போன மாதம் உன் மனைவி எங்கள் மருத்துவமனைக்கு வந்து அழுதாள். நீங்கள் பிரிந்திருந்தாலும் எனக்கு அவள் உன் மனைவிதான். "நான் மனநல டாக்டரைப் பாக்கறது எங்கம்மாவுக்கே தெரியாது. அவர் போன்ல மாத்திரை பேரைச் சொல்லி, குழந்தைய கோர்ட்ல வாங்கிடுவேன்னு மிரட்டறார். யார் சொன்னது?" என்றாள். அவள் வைத்தியம் பார்ப்பது எங்களிடம்தான் என்பதால் பழி மனநலப் பிரிவின் நர்ஸ் மேல் விழுந்தது. வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்று நானும் சொன்னேன்.

ஏழு கிளைகளிலும் நோயாளிகளின் கோப்புகள் இருக்கும் கணினி சர்வர்களை நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். வெளியிலிருந்து நுழைய ஆளுக்கொரு ரகசியச் சாவி. எந்தச் சாவி எதைத் திறந்தது என்பது பதிவாகிவிடும். அதைப் புரட்டினேன். நீ இங்கே பார்த்த வேலையை விட்டுக் கடல் தாண்டிப் போன பிறகும் உன் சாவி நாலு தடவை உள்ளே வந்திருக்கிறது. நாலு தடவையும் அவளுடைய கோப்பு.

உன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. சன்னலில் எட்டிப் பார்ப்பவனாவது வெயிலில் நிற்கிறான். நீ நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்திருக்கிறாய்.

என் மேலும் அருவருப்புதான். ஒருவர் வேலையை விட்ட அன்றே அவர் சாவியை நீக்க வேண்டியவள் நான். மற்ற எல்லோருக்கும் செய்தேன். உனக்கு மட்டும், நம்ம தம்பிதானே என்று விட்டேன்.

மேலாளரிடம் சொன்னேன். "வீட்டு விஷயம். சாவியை எடுத்துட்டுப் பேசாம இருங்கம்மா, நர்ஸ் விஷயம் தானா ஆறிப்போகும்" என்றார். அந்தக் குரலைக் கேட்கவே கூசியது. சாவியை நீக்கினேன், பேசாமல் இருக்கவில்லை. என் தவற்றையும் சேர்த்து நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

நர்ஸ் நேற்று வேலைக்குத் திரும்பினாள். மன்னிப்புக் கேட்டேன். "நீங்களும் நம்பினீங்களேக்கா" என்றாள், அவ்வளவுதான். என்னை சர்வர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்.

விசாரணைக்கு உன்னை அழைப்பார்கள். மழுப்பாமல் உண்மையைச் சொல். குழந்தை வழக்கில் அந்த விவரத்தை வாயால்கூட எடுக்காதே. அவள் வைத்தியம் பார்த்துக்கொள்வது குற்றமில்லை.

அம்மா உன்னைக் கேட்டாள். வேலை அதிகமாம் என்று பொய் சொன்னேன். இதுவே கடைசிப் பொய்யாக இருக்கட்டும்.

நன்றாக இரு என்று எழுத வந்தேன். அதற்கு முன் நல்லவனாக இரு, கண்ணா.

இப்படிக்கு,
உன் அக்கா