பிடுங்கிய கைகளே நட்ட கொட்டி

நேற்றிலிருந்து பிக்கப் முழுக்கக் குளத்துச் சேறு மணக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு மன்னார்ப் பாலத்தில் கடல்காற்று வாங்கிக்கொண்டு வந்தும் போகவில்லை. உனக்கு இந்த மணம் பிடிக்கும், எனக்குத் தலையிடி. பக்கத்தில் நீ இருந்திருந்தால், “செண்டு பூசிக்கொண்டோ தாவரவியல் படிச்சனி?” என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாமல் வண்டி ஓட்டுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

விடத்தல்தீவில் கடலைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஆனாலும் நன்னீர்ச் செடி என்றால் என்னைவிட உனக்குத்தான் பைத்தியம். ஆற்றுக்குக் குறுக்கே அணை வருகிறது என்றதும், ஒரே தாவரவியல் கந்தோரில் வேலை செய்த நாம் இருவரும் ஓடியது அந்தப் பாறை மடுவுக்கு. இலை விளிம்பு நெளிநெளியாக இருக்கும் அந்தக் கொட்டிச் செடி, நாம் தேடிய அளவில், அங்கே மட்டும்தான் நின்றது. அணை மூடினால் மடு ஆழத்துக்குள் போய்விடும், வெளிச்சம் இல்லாமல் செடி அழுகிவிடும். கிழங்கு முறியாமல் சேற்றோடு கிண்டி எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, முசலிப் பக்கத்து மாதா கோயில் குளத்தில் நட்டோம்.

முள்ளுக்கம்பி வேலி போடவேண்டும், “தொடாதீர்” என்று பலகை வைக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். “வேலி போட்டா அது அரசாங்கக் கந்தோர்ச் சாமானாப் போயிடும். பிறகு ஊர்ச்சனம் திரும்பியும் பாராது” என்றாய். கோபத்தோடுதான் விட்டுக்கொடுத்தேன்; வேலி போடவில்லை.

ஒவ்வொரு வருடமும் மாதா பெருநாளுக்குக் கொடியேறுமுன் அந்த ஊர் குளத்தைத் துப்பரவாக்கும். நம் இருவருக்கும் அது தெரியும், இருவருமே மறந்துபோனோம். நாம் போய் இறங்கியபோது குளம் பளிச்சென்று இருந்தது. நட்டதெல்லாம் குளக்கட்டில் குவிந்து கிடந்தது. “மிஸ், பாருங்கோ, பாசியெல்லாம் பிடுங்கிப்போட்டம்!” என்று கோயில் சபைத் தலைவர் பெருமையாகச் சொன்னார். மடு அதற்குள் அணைத் தண்ணீருக்கடியில் போயிருந்தது. திரும்பிப்போய் எடுக்க ஒன்றுமே இல்லை. “சொன்னனான்தானே, வேலி போடுவமெண்டு!” என்று எல்லாருக்கும் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன். அதற்கு இப்போதும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. செடி அடியோடு அழிந்துவிட்டதென்று எனக்கு அவ்வளவு பயம்.

நீ குவியலைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்தாய். “சாகேல்லை” என்றாய். பிறகு அவரிடம் திரும்பி, “வடிவாத்தான் துப்பரவாக்கியிருக்கிறியள் அண்ணை. ஆனா இது பாசியில்லை. ஆத்தில இதின்ர இடத்தை அணைத் தண்ணி மூடிப்போட்டுது. பிடுங்கின நீங்களே நட்டுத் தாங்கோ” என்றாய்.

“அப்ப இதுவும் எங்களைப்போல இடம்பெயர்ந்து வந்ததே?” என்று ஒரு அக்கா கேட்டாள்.

“ஓம் அக்கா. ஆனா நிவாரணம் ஒண்டும் கேளாது. சேறு மட்டும் காணும்.”

சனம் சிரித்தபடி சேலையையும் சாரத்தையும் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியது. நீ குளக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றாய். அடுத்த பெருநாளுக்கு நாம் போனபோது நமக்கு வேலையே இல்லை. “அங்கால மிதியாதேங்கோ, எங்கட கொட்டி நிக்குது!” என்று அதே அக்கா ஆம்பிளைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு மேலே பூத்தண்டுகள் நின்றன. நீ பிளேன்ரீ குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் பூத்தண்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

போன மாரியில் உன்னைச் சேமக்காலையில் அடக்கம்பண்ணிவிட்டு வந்தோம். ஒரே குளத்தை நம்பி இந்தச் செடியை விடமுடியாது என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபடியும் சொன்னாய். அதனால்தான் நேற்றுத் திருக்கேதீஸ்வரப் பக்கம் இன்னொரு குளத்துக்குக் கொஞ்சக் கிழங்கு கொண்டுபோனேன். கந்தோரில் வேலிக் கம்பி தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், நானேதான்! கிழங்குகளை அந்த ஊர்ப் பெண்களின் கையில் கொடுத்துவிட்டு, குளக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உன்னிடமிருந்து என்னோடு வந்தது இந்த நிற்பு ஒன்றுதான். கிழங்கு கிண்டுவதைவிட இது கஷ்டம், தெரியுமோ?

ஒருத்தி கிழங்கை நட்டுவிட்டு நிமிர்ந்தாள். செடி நன்றாகவே சரிந்து நின்றது. இறங்கித் திருத்த என் கை துடித்தது.

“சரியோ மிஸ்?”

“ஓம்” என்றேன், “சரி.”