மூன்றாம் எண் கூண்டு வாசிக்காத மாலை

6 ஜனவரி 2025, திங்கள்
லம்பா லைன், போர்ட் பிளேர்

என் பெயர் சிவப்பிரகாசம். வயது ஐம்பது. தீவு நிர்வாகத்தில் கண்காணிப்பாளர். இக்குறிப்புகளைத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றே: ராக் இசையின் வரலாறு, பாடல் அமைப்பு, கருவிகள் ஆகியவற்றை முறையாகக் கற்று, அதன் அடிப்படையில் ஒரு போட்டிக்கு விதிகள் வகுப்பது.

எங்கள் ஊழியர் கலை மன்றம் பிப்ரவரி 22 அன்று முதன்முறையாக ராக் குழுப் போட்டி நடத்துகிறது. விதிகளுக்கு நான் பொறுப்பு. இந்த இசையில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று மன்றத் தலைவர் ஜம்புலிங்கத்திடம் சொன்னேன்.

"அதனாலதான் சார் உங்களைப் போட்டோம். தெரிஞ்சவன் ஒவ்வொருத்தனும் ஏதாவது ஒரு குரூப்புல இருக்கான்" என்றார்.

என் மனைவி வைஜெயந்தியும் ஒரு குழுவில் வாசிக்கிறாள் என்பதை எழுத்துமூலம் தெரிவித்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னும் நல்லதாப் போச்சு. சம்சாரத்துக்கே ரூல் போடற ஆளுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்."

அப்படி ஒரு பேர் கிடைக்கும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

9 ஜனவரி

இன்று கற்றவை. அமெரிக்காவின் தெற்கே, பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் புளூஸ் இதற்கு மூலம். ஆரம்பத்தில் ஒருவர், ஒரு கிட்டார். தாளத்துக்குப் பலகைத் தரையில் கால் தட்டல், அவ்வளவே. தேவாலயப் பாட்டும் வெள்ளையரின் கன்ட்ரி இசையும் அதனுடன் கலந்து, 1950களில் ராக் அண்ட் ரோல் ஆயிற்று. அடிப்படைச் சுற்று பன்னிரண்டு தாள அளவுகள் ('பார்') கொண்டது; அதற்குள் மூன்றே ஸ்வரக்கூட்டுகள் ('கார்ட்') இடம் மாறி மாறி வரும். நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் அழுத்தம். மேசையில் தட்டிப் பார்த்தேன். என் கை திரும்பத் திரும்ப ஒன்றிலேயே விழுகிறது.

வியப்பான செய்தி: மின்கிட்டாரின் அந்தக் கரகரப்பு முதலில் ஒரு பழுது. கிழிந்த ஸ்பீக்கர், கீழே விழுந்து அடிபட்ட ஆம்ப்ளிஃபயர் இவற்றிலிருந்து வந்த சத்தம். பிறகு அதையே வேண்டுமென்று வரவழைத்தார்கள். பழுது எப்படி இலக்கணமாகும்? விளங்கவில்லை.

14 ஜனவரி, பொங்கல்

வைஜெயந்தி மருத்துவமனையில் மருந்தாளுநர். நாற்பத்தைந்து வயதில் பேஸ் கிட்டார் கற்கத் தொடங்கினாள். இப்போது இரண்டு ஆண்டுகள். குழுவின் பெயர் 'மூன்றாம் எண் கூண்டு'. துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுவார்களே, அது. நான்கு பெண்கள். ஷாதிபூரில் பள்ளி ஆசிரியை சுகுணா வீட்டுக் கார் ஷெட்டில் பயிற்சி, பாடுவது சுகுணா. கிட்டார் மௌசுமி, செவிலியர், வங்காளி. டிரம்ஸ் சித்ரா, விவசாயத் துறை. அக்டோபரில் சித்ராவை மாயாபந்தருக்கு மாற்றிவிட்டார்கள். மாதம் இருமுறை பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து வாசித்துவிட்டுத் திரும்புகிறாள்.

மௌசுமி குடும்பத்தோடு கல்கத்தாவுக்கே போகிறாள். மார்ச் முதல் வாரக் கப்பல்.

பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டே வைஜெயந்தி சொன்னாள்: "ரெண்டு வருஷமா கார் ஷெட்லயே கிடந்துட்டோம். ஒரே ஒரு தடவை மேடை. நாலு பேரும். அப்புறம் அவ போயிடுவா."

ஜெயிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. மேடை என்றுதான் சொன்னாள்.

19 ஜனவரி

பாடல் அமைப்பு. 'வெர்ஸ்' என்பது ஏறக்குறைய நம் சரணம். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறும். 'கோரஸ்' பல்லவி போன்றது. ஆனால் முதலில் வராது, சரணம் அதைத் தேடிப் போகவேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகு, கேட்டவர் காது சலிக்காதிருக்க, வேறொரு நடையில் ஒரு பகுதி: 'பிரிட்ஜ்'. அதைக் கடந்து மீண்டும் கோரஸுக்கு.

அவர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டைத் தாளில் படித்துவிட்டு, அதில் பிரிட்ஜே இல்லை என்று வைஜெயந்தியிடம் சுட்டிக்காட்டினேன்.

"பாராடாங் போற வழியிலகூடத்தான் பிரிட்ஜ் இல்ல. ஃபெர்ரியில போய்ச் சேரலையா நாம? சாப்பிடுங்க."

பேஸ் எதற்கு, கேட்கிற பாட்டுகளில் எனக்கு அது காதில் விழுவதே இல்லையே என்றேன். டிரம்ஸின் பெரிய முரசும் பேஸும் சேர்ந்து ஒரே ஆளாக நடக்க வேண்டுமாம். அந்த நடையின்மேல்தான் கிட்டாரும் குரலும் ஏறி நிற்குமாம். "சித்ரா கால் எங்க விழும்னு அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்றாள். அப்போது அவள் முகம் இருந்த விதம்... நான் பார்த்ததில்லை.

26 ஜனவரி

விதிகள் இறுதியாயின. முக்கியமானவை: குழுவில் குறைந்தது நால்வர். கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் நான்கும் கட்டாயம். முன்பே ஒலிப்பதிவு செய்த தாளமோ இயந்திரத் தாளமோ கூடாது. ஒருவர் ஒரே குழுவில்தான் வாசிக்கலாம். பாட்டு ஆறு நிமிடத்துக்கு மிகாமல்.

எழுபதுகளிலிருந்தே பல குழுக்கள் தாள இயந்திரத்தைப் பயன்படுத்தின என்று படித்தேன்தான். இருந்தாலும் தொடக்கப் போட்டிக்கு ஒரு வரையறை வேண்டும்.

ஜம்புலிங்கம் கையெழுத்திட்டபடி, "சார், இது பாட்டா, டெண்டரா?" என்றார்.

8 பிப்ரவரி

ஷாதிபூர் வழியாக வந்தேன். ஷெட்டில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். விதிப் பொறுப்பாளர் போட்டிக்கு முன் ஒரு குழுவை மட்டும் கேட்பது முறையன்று. வண்டியை நிறுத்தவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

சித்ராவுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைக்கவில்லை. சனிக்கிழமை அதிகாலை பஸ்ஸில் புறப்பட்டாள். ரங்கத் ஊரைத் தாண்டிப் பஸ் பழுதாகி நின்றது. மாற்றுப் பஸ் வந்து அவள் மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை சேர்ந்தபோது, ஜார்வா காட்டு வழியே வண்டிகளைக் கூட்டமாக அழைத்துப் போகும் கடைசி கான்வாய் போய்விட்டது. கேட் இனி மறுநாள் காலைதான். தொலைபேசியில் அழுதாளாம்.

மேடைக்குப் பின்னால் வைஜெயந்தி என்னிடம் வந்தாள். ஏற்கெனவே இரண்டு குழுக்கள் வாசித்து முடித்திருந்தன.

"சித்ரா வாசிச்சதை நாங்க போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கோம். அதைப் போட்டு வாசிக்கிறோம். மார்க் வேண்டாம்."

பதிவு கூடாது என்றேன்.

"சரி, டிரம்ஸே வேண்டாம். மூணு பேர் வாசிக்கிறோம். சுகுணா காலால தட்டுவா. மேடை பலகைதானே?"

நால்வர் வேண்டும் என்றேன்.

முதலில் வாசித்து முடித்திருந்த கல்லூரிக் குழுவின் டிரம்ஸ் பையன் அருண்பிரசாத் கேட்டுக்கொண்டிருந்தான். தானாகவே முன்வந்தான். "ஆன்ட்டி, நான் உக்காரட்டுமா? உங்க பாட்டை ஷெட்டுக்கு வெளியில நின்னு கேட்டிருக்கேன். தெரியும்."

ஒருவர் ஒரே குழுவில்தான்.

ஜம்புலிங்கம் என் தோளைத் தொட்டார். "விட்டுடுங்க சார். யாரு கேக்கப் போறா?"

யாராவது கேட்பார்கள் என்றேன். மனைவி என்பதால் விட்டுக்கொடுத்தான் என்று நாளைக்கு அலுவலகம் முழுக்கப் பேசும் என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

மௌசுமி கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றினாள். "சோடோ தீதி" என்று வைஜெயந்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். விடு அக்கா என்று. வைஜெயந்தி நகரவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்" என்றாள்.

இருபத்து நான்கு வருடத்தில் அவள் என்னை அப்படி அழைத்ததில்லை.

போட்டி ஒழுங்காக நடந்து முடிந்தது. ஒரு புகாரும் இல்லை.

24 பிப்ரவரி

அலுவலகத்தில் மூன்று பேர் கைகுலுக்கினார்கள். "சார்னா சார்தான்" என்றார் ஒருவர்.

27 பிப்ரவரி

வீட்டில் சண்டை இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருக்கும். பால், கேஸ், மின்கட்டணம், இவற்றைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்று நானே எடுத்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், நீ என்பதற்காக நான் மாற்ற முடியுமா என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தக் காலேஜ் பசங்க பாட்டு ஆறு நிமிஷத்தைத் தாண்டிப் போச்சு. மணியடிக்கக் கை வச்சவரை நீங்கதான் தடுத்தீங்க. 'முடிக்கட்டும், பாவம்'னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நினைவிருந்தது. ஆமாம், தடுத்தேன். அந்தப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்கள். நிறுத்த மனசு வரவில்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் நீங்க மனுஷன். எனக்கு மட்டும் ஆபீசர்."

மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

2 மார்ச்

ஜனவரியில் எழுதிய பக்கங்களைப் படித்தேன். காலால் தட்டினார்கள் என்று எழுதியது நான். பழுதான பெட்டியிலிருந்து இந்த இசைக்கு அதன் குரலே வந்தது என்று எழுதியது நான். இயந்திரத் தாளம் உண்டு என்றும் எழுதியிருக்கிறேன். அவள் அன்று கேட்ட எதுவும் இந்த இசைக்குப் புறம்பானதல்ல. இல்லாததை வைத்துச் சமாளித்தவர்களின் வரலாறு இது. எல்லாம் என் கையெழுத்தில், அடிக்கோட்டுடன். படித்தவன் எங்கே போனான் அன்றைக்கு?

ஒரு யோசனை: மௌசுமி போவதற்குள் மன்ற அரங்கில் தனி நிகழ்ச்சி. ஜம்புலிங்கம் உடனே ஒப்புக்கொண்டார். சித்ராவுக்கு விடுப்பு நானே பேசி வாங்குகிறேன் என்று வைஜெயந்தியிடம் சொன்னேன்.

"மௌசுமி கிட்டார், ஆம்ப் எல்லாம் லக்கேஜ்ல போட்டுட்டா. ஹேடோ துறைமுகத்துக்கு அனுப்பியாச்சு." பிறகு, "வேணாங்க. பிச்சை மாதிரி இருக்கும்."

6 மார்ச்

கப்பல் போயிற்று. சித்ரா ஒருநாள் முன்னதாகவே வந்து சுகுணா வீட்டில் தங்கியிருந்தாளாம். மூவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் கேட்கவுமில்லை.

17 மார்ச்

விதிப் பொறுப்பிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். ஒரு குழுவுக்கு நேரத்தைத் தளர்த்திவிட்டு, இன்னொரு குழுவுக்கு எதையும் தளர்த்த மறுத்தது பாரபட்சம் என்றும், அது என் தவறு என்றும் அதில் தெளிவாகக் குறிப்பிட்டேன். நகலை வைஜெயந்தியிடம் நீட்டினேன்.

நிதானமாகப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. மன்றத்துக்கு எழுதியிருக்கீங்க" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு?"

அவளுக்கும் ஒன்று எழுத உட்கார்ந்தேன். 'பொருள்' என்று போட்டுவிட்டு, பேனாவை மூடிவிட்டேன்.

29 ஏப்ரல்

மாயாபந்தர் மருத்துவமனையில் மருந்தாளுநர் இடம் காலியாம். வைஜெயந்தி கேட்டு வாங்கியிருக்கிறாள். அங்கே போகாமலிருக்க ஆள் ஆளுக்குச் சிபாரிசு பிடிப்பதைத்தான் என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்கிய ஒருவரைப் பார்த்ததில்லை.

எத்தனை நாளைக்கு என்றேன்.

"ஆர்டர்ல என்ன போட்டிருக்கோ, அத்தனை நாளைக்கு."

12 மே

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கிட்டார் உறையை மடியில் வைத்துக்கொண்டாள், மேலே வைக்க விடவில்லை. "மழை ஆரம்பிச்சா மொட்டை மாடி ஓட்டையை அடைக்கச் சொல்லுங்க" என்றாள். பஸ் புறப்பட்டதும் கை அசைத்தாள். அசைத்தாள்தான். மரியாதைக்கா என்று தெரியவில்லை.

3 ஜூன்

மழை. சோறு ஒரு ஆழாக்குதான் வைக்கிறேன், அப்படியும் மிஞ்சுகிறது.

20 ஜூலை

தினம் ஒருமுறை பேசுகிறாள். உடம்பு, மழை, மகன் ஹரிஹரனின் சென்னை வேலை. இசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசிக்கிறாயா என்று கேட்கப் பலமுறை நினைத்தேன். கேட்கிற உரிமை எனக்கு இருக்கா? தெரியல. பயமா இருக்கு, அதுதான் உண்மை.

13 ஆகஸ்ட், புதன்

கடைத்தெருவில் சுகுணாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாயாபந்தர் ஸ்கூல் மைதானத்துல நாங்க வாசிக்கிறோம். சுதந்திர தின ஃபங்ஷன். நான் நாளைக்குக் கிளம்பறேன். மீன்துறையில கௌதம்னு ஒரு தம்பி கிட்டார். மௌசுமி அளவுக்கு இல்ல. ஆனா கத்துக்கறான்."

வைஜெயந்தி என்னிடம் சொல்லவில்லையே என்றேன்.

"உங்ககிட்ட சொல்லாதேன்னு அவ சொல்லல. சொல்லுன்னும் சொல்லல." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட உள்ள வந்து கேக்கலையே அண்ணே நீங்க. போட்டிக்கு அப்புறம் வந்த கோபம்னா நினைக்கறீங்க?"

அங்கேயே நின்றேன். பிப்ரவரியிலிருந்து அந்த ஒரு மாலையை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு அவள் வாசித்த இரண்டு ஆண்டுகளும் என் கணக்கில் வரவேயில்லை. பன்னிரண்டு அளவு தெரியும், வெர்ஸும் கோரஸும் தெரியும், கிழிந்த ஸ்பீக்கர் தெரியும். என் மனைவி எப்படி வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

14 ஆகஸ்ட், வியாழன்
ஸ்ரீ விஜயபுரம் (ஊரின் புதுப் பெயர்; வீட்டில் இன்னும் போர்ட் பிளேர்தான்)

இதனால் நான் எனக்கே உறுதியாகச் சொல்லிக்கொள்வது:

சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு வர இயலாது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை காலை முதல் பஸ்ஸில் மாயாபந்தர் போவேன். அழைப்பு இல்லை. வருவதாக முன்கூட்டிச் சொல்லவும் மாட்டேன். சொன்னால் அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும், அல்லது வாருங்கள் என்று சொல்ல வேண்டிவரும். இரண்டையும் அவள்மேல் சுமத்தக் கூடாது. மைதானத்தில் நின்று முதன்முறையாக அவள் வாசிப்பதைக் கேட்பேன். என்னைக் கண்டு முகம் திருப்பினாலும் கடைசிப் பாட்டுவரை நிற்பேன்.

முடிந்த பிறகு அவள் என்னோடு பேசச் சம்மதித்தால் ஒன்று சொல்வேன்: அன்றைக்கு உன்னை நிறுத்தியது விதி இல்லை, வைஜெயந்தி. நாலு பேர் என்னைப் பற்றி என்ன சொல்வாங்கங்கற நெனப்புதான்.

எழுதிக் கொடுக்க மாட்டேன். வாயால் சொல்வேன்.