படியோரத்துச் செவ்வந்தி

தேயிலைத் தோட்டம்,
பிரிஞ்சாங்,
12.8.1984

அன்புள்ள பவளத்துக்கு,

உன் வேலப்பன் எழுதுவது. நான் நலம். தாப்பாவில் நீயும் அத்தையும் நலமாக இருக்க முருகன் துணை. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று அம்மா வீட்டுக்குப் போனவள் நீ. இங்கே உன் புருஷன் மூன்று மாதமாகத் தானே சமைத்து, தன்னையே திட்டிக்கொண்டு சாப்பிடுகிறான்.

மழைக்குக் கொழுந்து கொட்டுகிறது, ஆலையில் ஓய்வே இல்லை. நீ நட்டுவிட்டுப் போன செவ்வந்தியில், வீட்டுக்குப் பின்னால் இருப்பவை மஞ்சளாகப் பூத்துத் தள்ளுகின்றன. சொந்தமாகப் பூத்தோட்டமும் வைத்திருக்கும் பூ வியாபாரி சிங்காரம் கூடையோடு வந்து வாங்கிப் போகிறார். ஆனால் வாசல் படியோரம் நட்டாயே, அந்த வரிசைதான் சதி செய்கிறது. ஒரே நாளில் வைத்த நாற்று, ஒரே எரு. இடுப்பு உயரத்துக்கு இலையாக நிற்கிறது, ஒரு மொட்டு இல்லை. பாஞ்சாலை அக்கா பார்த்துவிட்டு, "மலட்டுச் செடிடா, புடுங்கிட்டுக் கீரை போடு" என்றாள். என்ன செய்யட்டும், நீயே எழுது.

வாசல் விளக்கு விடிய விடிய எரிகிறது என்று கங்காணி ஆண்டியப்பன் முறைக்கிறார். முறைத்துக்கொள்ளட்டும்.

உன் அன்புள்ள
வேலப்பன்

*

தாப்பா,
26.8.1984

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி நலம்.

உங்கள் அக்கா சொன்ன சொல்லை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா? அவர் மகள் ரஞ்சிதத்தின் வளைகாப்பில் நான் கையில் எடுத்த வளையலை, "நீ வேணாம், புள்ள பெத்தவ போடட்டும்" என்று அவளுக்குப் போடவிடாமல் அத்தனை பேர் முன்னால் பிடுங்கினார். நீங்கள் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில்தான் நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாத துக்கத்தை நான் தாங்கிக்கொள்கிறேன். நீங்கள் பேசாமல் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செடியைப் பிடுங்குவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். இங்கே ஒரு தையல் கடையில் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் சேர்ந்துகொண்டு, இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பவளம்

*

பிரிஞ்சாங்,
16.9.1984

அன்புள்ள பவளத்துக்கு,

உன் கடிதம் பிரித்துப் பிரித்து மடிப்பில் கிழிந்துவிட்டது.  இன்று நடந்ததை எழுதுகிறேன்.

சிங்காரம் காலையில் வந்தார். படியோரச் செடியைப் பார்த்தார், மேலே விளக்கைப் பார்த்தார், சிரித்தார். "நாங்க காசு செலவு பண்ணி பல்பு மாட்டிப் பூக்காம வைப்போம். நீ சும்மாவே பண்ணிட்ட, லா" என்றார். செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டுமாம், அப்போதுதான் மொட்டுக் கட்டுமாம். ராத்திரியிலும் வெளிச்சம் இருந்தால், இன்னும் காலம் வரவில்லை என்று இலையாகவே விட்டுக்கொண்டிருக்குமாம். பண்டிகைக்குத் தகுந்தபடி பார்த்து விளக்கை அணைப்பார்களாம். பின்பக்கம் இருட்டு, அதனால் அங்கே பூத்தது.

அப்போது அக்கா குழாயடியில் இருந்தாள், பக்கத்து லயத்து வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். "இன்னுமா புடுங்கல அந்த மலட்டுச் செடிய?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "செடியில குறை இல்லக்கா. பவளத்துக்கிட்டயும் இல்ல. இனிமே அந்தச் சொல்ல என் வாசல்ல சொல்லாத."

 அக்கா குடத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். குடத்தை நான்தான் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் விளக்கை நான் அணைக்கவில்லை. நீ போன நாளிலிருந்து அது எரிவது உனக்காகத்தான். கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தால் நீ தோட்டத்துக்கு வந்து சேர இருட்டிவிடும். மூன்றாம் படி வேறு உடைந்து கிடக்கிறது, தடுக்கி விழுவாய். செடி பூக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன்
வேலப்பன்

*

தாப்பா,
23.9.1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழாயடி வந்ததும், "இன்னொரு தடவை வாசி" என்றாள். எனக்கும் அது வேண்டியிருந்தது, வாசித்தேன். குடத்தைக் கொண்டுபோய் வைத்ததை உடனே நம்பினேன். நீங்கள் வாய் திறந்ததை நம்பத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு பின்கட்டுக்குப் போய் அழுதேன். கோபத்தில் அழவில்லை.

தையல் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு பலகையும் நாலு ஆணியும் தேடி அந்தப் படியைச் சரிசெய்யாமல், நான்கு மாதமாக விளக்கை எரித்துக்கொண்டிருக்கும் மனிதரைத் தனியே விட்டால் வீடு என்ன ஆகும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலை பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன், பட்டப்பகலில் படியேறலாம். எனக்காக இனி விளக்கு வேண்டாம். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அணைத்துவிடுங்கள். தீபாவளிக்கு மொட்டாவது பார்க்கலாம்.

உங்கள்
பவளம்