வானத்தில் எத்தனை முழம்

கூட்டாளி,

நேற்று கிள்ளானில் சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. பச்சைப்புறாக் கறி. இரண்டாவது துண்டைக் கடித்தபோது பல்லில் நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தால் மிளகைவிடச் சிறிய துப்பாக்கி ஈய ரவை ஒன்று. சம்பந்திக்குப் பெருமை தாங்கவில்லை. புறாவைத் தாமே சுட்டதற்கு அத்தாட்சி அல்லவா? எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு மேல் ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். அது பொய்யும் இல்லை. அப்போது என் உடம்பில் எதுவுமே சரியாக இல்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது நம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. கூரையிலிருந்து பல்லி விழுந்தாலே விளக்கை ஏற்றுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு, ரயில்வே குவாட்டர்ஸில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், துப்பாக்கி வைத்திருக்கிறவனாக நீ வந்து வாய்த்தாய். இருவரும் ஒரே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. எனக்குப் பேனா கனம் தாங்காது, உனக்கு இரட்டைக்குழல்.

உன் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது அதை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஓர் உபதேசமும் கொடுத்தார். பறவை இருக்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால், ரவை போய்ச் சேரும்போது பறவை அங்கே இருக்காது. அது வரப்போகிற இடத்தில் சுட வேண்டும். எவ்வளவு முன்னால் என்று நீ கேட்டாயாம். அனுபவத்தில் வரும் என்று சொல்லிக் கப்பல் ஏறிவிட்டார். அனுபவம் வரும்வரை பக்கத்தில் நிற்கிறவன் கதி என்ன என்று அவரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

நீ அதை முழக்கணக்கு ஆக்கிக்கொண்டாய். பாசாரில் மல்லிகை அளக்கிறவளைப் போல வானத்தை அளந்தாய். பக்கவாட்டில் விரைந்து போகிற பறவைக்கு இத்தனை முழம், சாய்ந்து போனால் அதில் பாதி, உன்னை விட்டு நேரே விலகிப் போனால் ஒன்றும் வேண்டாம். ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, குடையைத் தோளில் ஏற்றிப் பழகுவாய். காக்கை போனால் அதன் பின்னாலிருந்து குடை கிளம்பி, அதைத் தாண்டி, முன்னால் போகும். காக்கை இல்லாவிட்டால் தபால்காரரின் சைக்கிள். அவர் நம் தெருவுக்கு மட்டும் ஏன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார் என்று போஸ்டாபீஸில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் நான் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போது அந்தக் கறுப்புக் குடையின் நுனி என் மூக்குக்கு முன்னால் ஊர்ந்துகொண்டே வந்தது. குடைதான் என்று தெரிந்தும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. எனக்கு எத்தனை முழம் என்று வீறாப்பாய்க் கேட்டேன்.

"நீ நடக்கிற நடைக்கு முழமே வேண்டாம்லா. நேரா சுடலாம்" என்றாய்.

மழை பிடிக்கும் மாதங்களில் உள்ளான் குருவிகள் வடக்கேயிருந்து வந்து இறங்கும். ஞாயிறு காலை ரயிலில் சாலாக் செலாத்தான் போவோம். ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பங்கள் சேறும் குட்டையும் லாலான் புல்லுமாகக் கிடக்கும் அந்த இடத்துக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்டால், வராவிட்டால் பயந்துவிட்டான் என்பாயே என்ற பயம்தான். பையைச் சுமந்துகொண்டு உன் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, உன்னோடு ஒரே வரிசையில் நடந்துவர வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அட்டை ஒரு பக்கம், ஆளை விழுங்கும் சேறு ஒரு பக்கம், பன்றி வளர்க்கும் சீனரின் நாய் ஒரு பக்கம்; இத்தனைக்கும் நடுவில் நீ ஒருவன்.

உள்ளான் காலடியிலிருந்துதான் கிளம்பும். கிளம்பினால் வெட்டி வெட்டி இங்கும் அங்குமாய்ப் பறந்து, பிறகுதான் நேராகும். நீ சுடுவாய். அது போய்க்கொண்டே இருக்கும். ரவை எப்போதும் அதன் வாலுக்குப் பின்னால். விசையை இழுக்கிற அந்தக் கணத்தில் உன் கை நின்றுவிடுகிறது என்று நீயே கண்டுபிடித்தாய். சுட்ட பிறகும் கை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இன்னும் ஒரு முழம் சேர்க்க வேண்டும் என்றாய். உன் சம்சாரம் ஒருநாள் வெறும் பையை உதறிக் காட்டி, "இவரு சுட்ட பறவ எல்லாம் வயசாகித்தாண்ணே சாகும்" என்றது. நீ சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தில் ஒரு பிடிவாதம் தெரிந்தது.

அன்று என் பக்கத்துச் சேறு முழங்காலுக்கு மேல் வந்தது. ஓரமாக மரங்கள் நின்ற கெட்டியான மேடு ஒன்று தெரிந்ததும் அதில் ஏறினேன். மேட்டில் நடை வேகம். நான் வரிசையைத் தாண்டி உனக்கு முன்னால் போய்விட்டது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் காலடியில் ஓர் உள்ளான் கிளம்பியது. அதன் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அது வெட்டி வெட்டிப் பறந்து நேராகி, என் பக்கமாக வந்தது. உன் குழல் அதன் பின்னாலிருந்து கிளம்பி, அதைப் பிடித்து, தாண்டியது. நீ சேர்ப்பதாகச் சொன்ன முழத்தையும் சேர்த்தாய். உன் கண் பறவைமேல் இருந்தது. பறவை இன்னும் என்னிடம் வரவில்லை. அதனால் உன் கணக்கில் நான் அங்கே இல்லை. துப்பாக்கி மட்டும் பறவைக்கு முன்னாலேயே என்னிடம் வந்துவிட்டது. இரண்டு கறுப்பு வட்டங்களைப் பார்த்தேன். கத்த வேண்டும் என்று தெரிகிறது, கத்தவில்லை. என்ன சட்டை போட்டிருக்கிறோம், துவைத்ததா என்று ஒரு யோசனை. சாகிற நேரத்தில் பெரிய எண்ணங்கள் வரும் என்று சொல்கிறவர்களை இனி நம்பாதே.

கடைசிக் கணத்தில் என்னைப் பார்த்துவிட்டாய் போலும். குழல் வானத்தைப் பார்த்து எகிறியது, வெடித்தது. என் தலைக்கு மேலே இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. நான் பின்பக்கமாகக் குட்டையில் விழுந்தேன்.

புல்லுக்கு அப்பாலிருந்து உனக்கு நான் தெரியவில்லை. வெடி கேட்டது, ஆள் விழுந்தான், அவ்வளவுதான் நீ அறிந்தது.

"டேய், எங்க நிக்கிற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சேற்றுத் தண்ணீர்தான் வந்தது. மறுபடியும் கேட்டாய். அதற்குப் பிறகும் கேட்டாய். அந்தக் குரல் உன்னுடையதாகவே இல்லை, வழி தவறிய சின்னப் பிள்ளையின் குரல். என் பயத்தை விடவும் பெரிய பயத்தை அன்றுதான் காதால் கேட்டேன்.

"நிக்கல. உக்காந்திருக்கேன்" என்றேன்.

புல்லை விலக்கிக்கொண்டு வந்து, என் தலை, மார்பு, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாய். பிறகு நீயும் என் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

துப்பாக்கியை விற்றுவிடுவாய் என்று நினைத்தேன். நீ விற்கவில்லை. நானும் வருவதை நிறுத்தவில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உள்ளான் கிளம்பினால், குழலைத் தூக்குமுன் "எங்க நிக்கிற?" என்று கேட்பாய். "இங்கதான்" என்று நான் சொன்ன பிறகுதான் உன் கை ஓடும். அதற்குள் உள்ளான் அம்பாங் போய்ச் சேர்ந்திருக்கும். ஊரில் நம்மைக் கேலி செய்யாத வாய் கிடையாது. கேட்காமல் ஒருநாளும் நீ சுட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உனக்குக் காய்ச்சல் முற்றியிருந்த அந்த மத்தியானம் நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். உனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று உன் சம்சாரம் அழுதது. திடீரென்று உன் வலக்கை எழுந்தது. கூரையில் எதையோ பின்தொடர்ந்து, பிடித்து, தாண்டப் போகிற இடத்தில் நின்றது.

"எங்க நிக்கிற?" என்றாய்.

பதில் சொன்னால் கை ஓடிவிடும், ஓடினால் முடிந்துவிடும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டால், என்னைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்விடுவாயே என்று இன்னொரு பயம். குனிந்து, "ஒன் பின்னாலதான் நிக்கிறேன், சுடு" என்றேன். கை மெல்ல ஓடி, இறங்கியது. மறுநாள் நீ இல்லை.

அந்தப் பழைய பதில் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. தெருவில் எனக்குப் பின்னால் வருகிற காலடி, நீ குழலைத் தூக்க நிற்கிறதைப் போலச் சட்டென்று நின்றுபோனால், "இங்கதான்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நேற்று கிள்ளான் ஸ்டேஷனிலும் அப்படித்தான். யார் கேட்டார்கள் என்று என் சம்சாரம் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது, கூட்டாளி.