ஒன்பதாவது டெர்மினல்

நேற்றுக் காலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு மல்லிகை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஈரச் சாக்கைப் பிரித்து ஒரு கட்டு மரிக்கொழுந்தை எடுத்துப் போட்டார். வாசனை வந்ததும் எனக்கு உடம்பு குளிர்ந்தது. மரிக்கொழுந்து என்றால் மற்றவர்களுக்குக் கோயிலோ கல்யாணமோ நினைவுக்கு வரும். எனக்கு வருவது கல்லூரியின் ஏசி ஓடும் கம்ப்யூட்டர் அறை. ஜன்னலே இல்லாத அந்த அறையில், பின்னலில் மரிக்கொழுந்தைச் செருகிக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய். "இந்த வாசத்துக்கு மிஷினுக்குத் தலைவலி வரப் போகுதும்மா" என்று துறைத்தலைவர் ஒருநாள் சொன்னார். "அதுக்கு மூக்கு இல்ல சார்" என்றாய்.

போன ஐப்பசியில் உன் மகன் போன் செய்து நீ போய்விட்டாய் என்று சொன்னான். "நீங்க அம்மாகூட வேலை பாத்தவங்கதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நாம் இருவரும் கல்லூரி மிஷினை ஆளும் கெர்னலைக் கட்டிய வாரத்தைப் பற்றி நீ அவனிடம் சொல்லியிருப்பாயா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் உன் பங்கைக் குறைத்துத்தான் சொல்லியிருப்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. கல்லூரிக்கு வந்த அந்த யுனிக்ஸ் மிஷின் ஒரு பீரோ அளவு இருந்தது. அதிலிருந்து வயர்கள் போய் எட்டு டெர்மினல்களில் சேரும். திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள பெட்டிகள் அவை. மூளை எல்லாம் பீரோவில்தான். நீ எனக்கு ஒரு வருடம் முன்னால் பயிற்றுநராகச் சேர்ந்து நிரந்தரமாகிவிட்டாய். நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். நீ தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். நான் கீழக்குயில்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், எங்கள் வீட்டில் வயலைத் தவிர வேறு வேலைக்குப் போன முதல் பெண். நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த அறைதான்.

மாலை வகுப்பில் பதினாறு பெண்கள் படித்தார்கள். பகலில் துணிக்கடையிலும் மில் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். செய்முறைத் தேர்வை எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், ஆளுக்கு ஒரு டெர்மினல் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக எட்டு டெர்மினல்கள் வந்து உறை பிரிக்காமல் சுவரோரம் கிடந்தன. வயர் செருக இடம் இருந்தது. ஆனால் மிஷினை ஆளும் கெர்னல், அதாவது எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடும் அந்த ஆதார நிரல், எட்டு டெர்மினல்களை மட்டுமே அறியும்படி கட்டப்பட்டிருந்தது. அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். கம்பெனி இன்ஜினியர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். தேர்வுக்கு இருந்ததோ மூன்று வாரம்.

துறைத்தலைவர் நம்மைக் கூப்பிட்டு, "எட்டுப் பேர் இந்த வருஷம் எழுதட்டும். மிச்சப் பேர் அடுத்த வருஷம். லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார்.

"யாரை விடச் சொல்றீங்க சார்?" என்று கேட்டாய்.

"பேர் வரிசையில போங்களேன்."

"அடுத்த வருஷம்னா பாதிப் பேருக்கு வீட்ல மாப்பிள்ளை பாத்துருவாங்க சார். திரும்ப வர மாட்டாங்க. மேனுவல்ல ஒரு முழு அத்தியாயம் இருக்கு. நாங்க கட்டுறோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மேனுவலின் அந்த அத்தியாயத்தை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

"கெட்டுப் போச்சுன்னா?"

"பழசை வேற பேர்ல எடுத்து வச்சுட்டுத்தான் தொடுவோம். கெட்டுப் போனா அதைப் போட்டு எழுப்பிக்கலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாள் கொடுத்தார். திங்கள் மாலை வகுப்பில் சோதனை. சரியாக வராவிட்டால் எட்டுப் பேர் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்; வெள்ளிக்கிழமை அதற்குக் கடைசி நாள்.

சனிக்கிழமை காலை செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் நீ செய்த முதல் வேலை அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தது. கெர்னலைக் கட்டும் கட்டளை பல விவரங்களை என்விரான்மென்ட் வேரியபிள்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்றைய பாடப்புத்தகங்களில் சூழல் மாறிகள் என்கிறார்கள். வேலை தொடங்கும் முன்பே நாம் பெயர் வைத்து அறிவித்துவிடும் மதிப்புகள்: கருவிகளை இயக்கும் எந்தெந்த டிரைவர் நிரல்கள் வேண்டும், தேவையான கோப்புகள் எந்த டைரக்டரியில், அதாவது அடைவில், இருக்கின்றன என்று. எத்தனை டெர்மினல் என்ற எண் அப்படி ஒரு அடைவிலிருந்த சின்னக் கோப்பில் இருந்தது. எட்டை அழித்துப் பதினாறு என்று எழுதினாய். மிஷின் மெதுவானது என்பதால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். டிரைவர்கள் உன் லாகினில், மற்றவை என் லாகினில். ஒவ்வொரு கோப்பாக ஓடி முடியக் காத்திருக்கும்போது நீ எண்களை மட்டும் உங்கள் வீட்டு மொழியில் முணுமுணுப்பாய். தமிழில் எண்ணினால் தப்பு விடுவேன் என்பாய்.

ஞாயிறு மத்தியானம் எல்லாம் ஒன்று சேர்ந்து புதுக் கெர்னல் வந்தது. புது டெர்மினல்களை உறை பிரித்து வயர் செருகி, மிஷினை அணைத்துப் போட்டோம். எழுந்தது. என் கையைப் பிடித்து அழுத்தினாய். உன் கை ஏசியில் ஐஸ் மாதிரி இருந்தது.

திங்கள் மாலை துறைத்தலைவர் கதவருகே நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பெயர் அடித்து உள்ளே போனார்கள். எட்டுப் பேர் வரை ஒன்றும் இல்லை. ஒன்பதாவது டெர்மினலில் பாண்டியம்மாள் உட்கார்ந்தாள், திருமங்கலத்திலிருந்து வருகிற பெண். பெயரை அடித்து எண்டர் தட்டினாள். ஒன்பது திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றன. பீரோவுக்குள் டிஸ்க் ஓடும் சத்தமும் நின்றது.

பாண்டியம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணலக்கா. பேரைத்தான் அடிச்சேன்."

"உன் மேல தப்பு இல்ல. எந்திரிக்காத, உக்காரு" என்றாய்.

துறைத்தலைவர் சத்தம் போடவில்லை. "என்ன தப்பு, யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பழைய கெர்னலின் பெயரைக் கொடுத்து மிஷினை எழுப்பினாய். எட்டுப் பேர் வேலை செய்ய, எட்டுப் பேர் பின்னால் நின்று பார்த்தார்கள். அன்று வகுப்பு முடியும்வரை பாண்டியம்மாள் எந்தக் கீபோர்டையும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நீ டிபன் பாக்ஸைத் திறக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாய். "ஒன்பதுல நிக்குதுன்னா எங்கியோ எட்டுன்னு இருக்குடி. டிரைவருக்குப் பதினாறு தெரியுது. வேற யாருக்கோ தெரியல" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் லாகின்ல என்னென்ன வேரியபிள் இருக்குன்னு பட்டியல் போடு" என்றாய்.

போட்டேன். ஐந்தாவது வரியில் விரலை வைத்தேன். கோப்புகளை எந்த அடைவில் தேட வேண்டும் என்று சொல்லும் வேரியபிள், கெர்னலின் அடைவைக் காட்டவில்லை. என் சொந்த அடைவைக் காட்டியது. மூன்று மாதத்துக்கு முன், பெண்களுக்குப் பாடம் நடத்த அந்தக் கோப்புகளை நகல் எடுத்து வைத்திருந்தேன். மூலத்தை யாரும் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று, லாகின் செய்யும்போதெல்லாம் என் நகலையே பார்க்கும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். நான் கட்டிய பாதி முழுவதும் என் நகலைப் படித்திருக்கிறது. அதில் எட்டுதான்.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். "கண்டுபிடிச்சீங்களா?"

நீ எழுந்து என் திரைக்கு முன்னால் நின்றாய். "பிடிச்சாச்சு சார். அடைவுப் பேரை நான்தான் தப்பா அடிச்சிட்டேன்."

"நீங்களா? எழுதிக் குடுங்க" என்று போய்விட்டார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நீ எதற்காக அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் என் தகுதிகாண் பருவம் முடிகிறது. வேலை நிரந்தரம் ஆகவில்லை என்றால் தையில் கல்யாணம் என்று அண்ணன் சொல்லியிருந்ததை உன்னிடம்தான் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் போகும்போது எங்கள் ஊர்ச் சமணர் மலை வரும்வரை எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டே போனேன். நீ நிரந்தரமானவள், உனக்கு ஒன்றும் ஆகாது என்று. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த நியாயம் போதவில்லை. உன் கையெழுத்தில் ஒரு தாளில் என் தப்பு இருக்கப் போகிறது. தட்டை நகர்த்திவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்தேன்.

மறுநாள் காலை நீ வருவதற்கு முன்னால் துறைத்தலைவர் அறைக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிய தாளைக் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "நேத்து அவங்க தப்புன்னாங்க. இன்னைக்கு நீங்க உங்க தப்புன்றீங்க. ஒரு தப்புக்கு ரெண்டு சொந்தக்காரங்களா?"

"நான் மட்டுந்தான் சார்."

"இதை நான் ஃபைல்ல வைக்கணும், தெரியும்ல?"

"தெரியும் சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த லிஸ்டை மட்டும் அனுப்பாம இருங்க."

உனக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வாழ்க்கையில உருப்படியா ஒரு பொய் சொன்னேன். அதையும் கெடுத்துட்ட" என்றாய். அன்று முழுக்க வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் வேலை நடந்தது. உன் லாகின், என் லாகின் என்பதையே விட்டுவிட்டோம். முதலில் அவரவர் வைத்திருந்த பழைய வேரியபிள்களைச் சுத்தமாகத் துடைத்துவிடும் ஒரு கட்டளை. அதன் கீழே தேவையான ஒவ்வொரு வேரியபிளும் அதன் மதிப்பும். கடைசியில் கெர்னலைக் கட்டும் கட்டளை. எல்லாம் ஒரே கோப்பில். யார் உட்கார்ந்து ஓட்டினாலும் ஒரே கெர்னல்தான் வரும். ஒவ்வொரு வரியையும் நான் வாசிக்க நீ சரிபார்த்தாய், பிறகு நீ வாசிக்க நான் சரிபார்த்தேன். அடைவுப் பெயர் வந்த வரியை நீ மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன்.

வியாழக்கிழமை மாலை பாண்டியம்மாள் ஒன்பதாவது டெர்மினல் பக்கமே வரவில்லை. "வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லுங்கக்கா. என் ராசி."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு எங்க பக்கம் இருந்துச்சு, சரி பண்ணிட்டோம். நீதான் உக்காரணும்" என்றாய்.

அவள் உட்கார்ந்தாள். பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். எண்டர் தட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் அவளை உள்ளே விட்டதற்கான அடையாளம் வந்தது. பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினாறாவது பெண் உள்ளே போனதும் அறையில் யாரும் கை தட்டவில்லை. பதினாறு கீபோர்டுகளும் ஒன்றாகத் தட்டப்படும் சத்தம் மட்டும் கேட்டது. துறைத்தலைவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார். பட்டியல் போகவில்லை. பதினாறு பேரும் தேர்வு எழுதினார்கள். இரண்டு பேர் தேறவில்லை; பாண்டியம்மாள் தேறினாள்.

என் தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. எப்படியோ போனேன். அண்ணன் பார்த்துவிட்டு, "சரி, தையில வச்சுக்கிருவோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், பஸ் பிடித்து நீ கீழக்குயில்குடி வந்தாய். வெயிலில் முகம் சிவந்து வீட்டு வாசலில் நின்றாய். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக அண்ணனிடம் போனாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இவ வேலைல தப்பு நடந்துச்சு. அதை ஒத்துக்கிட்டா, சரியும் பண்ணிட்டா. இன்னும் ஆறு மாசந்தான். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்காதீங்க."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்புட்டுத்தானா? இதை அவ கேட்டிருந்தாலே குடுத்திருப்பனேம்மா. வாயத் தொறக்காம நிக்கிறா" என்றார்.

உன்னை பஸ் ஏற்றிவிட நடந்தபோது நீ சிரித்துக்கொண்டே வந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் நான் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று துறைத்தலைவரிடம் கேட்டதுதான் என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் விஷயம். அதையும் பதினாறு பேருக்காகக் கேட்டேன், எனக்கென்று இல்லை.

ஆறு மாதம் கழித்து நிரந்தரமானேன். நீ கல்யாணமாகி பெங்களூர் போனாய். வருடத்துக்கு ஒரு கடிதம், பிறகு போன், பிறகு அதுவும் குறைந்தது. நான் அதே துறையில் வேலை பார்த்து, அதே துறைக்குத் தலைவியாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். நடுவில் எத்தனையோ கேட்டேன். மேற்படிப்புக்கு விடுப்பு கேட்டேன். என் கல்யாணத்தை எப்போது வைப்பது என்று நானே சொன்னேன். மறுத்தவர்களிடம் திரும்பப் போய்க் கேட்டேன்.

இப்போது கே.கே. நகரில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் மாடியறை ஒன்று சும்மா கிடக்கிறது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்கள் வந்து கம்ப்யூட்டர் படிக்க அதைத் தரும்படி கேட்டிருக்கிறேன். இரண்டு முறை முடியாது என்றுவிட்டார்கள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார் செயலாளர். மூன்றாவது கூட்டம் வரும் ஞாயிறு. என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். முன் வரிசையில் உட்காரப் போகிறேன்.